ஒவ்வொன்றாக இறக்கிய மரபணுக்கள்: தக்காளியின் ஃபுசேரியம் வாடல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தக்காளிக் காட்டில் வாடல் என்றால் இரண்டு விதம். நேற்று நன்றாக நின்ற செடி இன்று பச்சை மாறாமலே தொங்கிப் போனால் அது பெரும்பாலும் பாக்டீரியா வாடல். தண்டை வெட்டி, வெட்டுமுனை மட்டும் தண்ணீரில் படும்படி கண்ணாடித் தம்ளரில் பிடித்தால் வெண்ணிற இழை கீழே இறங்கும். இந்த ஆய்வு மற்றதைப் பற்றியது. அதில் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். பல நேரம் செடியின் ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகும். ஒரே இலையில் நடுநரம்புக்கு ஒரு பக்கத்துச் சிற்றிலைகள் மட்டும் மஞ்சளாகி மறுபக்கம் பச்சையாக நிற்பதும் உண்டு. வெயில் ஏறும்போது துவளும், இரவில் தேறும், சில நாள் கழித்துத் தேறாது. தண்டை நெடுக்காகக் கீறினால் பட்டைக்கு உள்ளே, நடுத்தண்டின் வெண்மைக்கு வெளியே, காப்பி நிறத்தில் ஒரு கோடு மேல்நோக்கி ஓடும். தம்ளரில் இழை இறங்காது. இதுதான் ஃபுசேரியம்.

முழுப்பெயர் ஃபுசேரியம் ஆக்சிஸ்போரம், சிறப்பு வடிவம் (ஒரு குறிப்பிட்ட பயிரைத் தாக்கும் வகை) லைக்கோபெர்சிசி. 1895-ல் இங்கிலாந்தில் மாசி என்ற பூஞ்சையியலாளர் முதலில் விவரித்தார். நுனிவேரிலும் வேர்க்காயத்திலும் நுழைந்து, தண்ணீர் ஏறும் சைலம் குழாய்களுக்குள் குடியேறும். குழாய் அடைபட்டுச் செடி காய்கிறது. செடி செத்த பிறகு தடித்த சுவருள்ள உறங்கு வித்துகளாக மண்ணிலேயே பல ஆண்டு கிடக்கும். அதனால்தான் பயிர் சுழற்சி இதற்கு அரைகுறை மருந்து. மருந்துக் கடையில் வாங்கும் பூஞ்சைக்கொல்லி மண்ணுக்குள் கிடக்கும் அத்தனை வித்தையும் எட்டுவதில்லை. மண்வெப்பம் 28 டிகிரியை ஒட்டி இருக்கும்போது ஆட்டம் அதிகம். வேர்முடிச்சு நூற்புழு ஏற்கெனவே கடித்து வைத்த வேர் என்றால் இன்னும் சுலபம்.

ஆக, செடிக்குள்ளேயே எதிர்ப்பு இருந்தால்தான் உண்டு. அந்த எதிர்ப்பை மனிதர்கள் எந்த வரிசையில் கொண்டுவந்தார்கள், பூஞ்சை எந்த வரிசையில் அதை உடைத்தது, உடைபட்ட காரணம் மூலக்கூறு அளவில் எப்போது புரிந்தது என்பதே இந்த நிகழ்வு. என் வாதத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மரபணுக்களில் குறை இல்லை. ஒன்று உடைந்த பிறகே அடுத்தது என்று அவற்றை இறக்கிய முறைதான் பூஞ்சைக்கு வசதியாகப் போயிற்று.

முதல் மரபணு

1925-ல் அமெரிக்க வேளாண் துறையின் பிரிட்சார்ட் வெளியிட்ட 'மார்குளோப்' ஓரளவு தாங்கும் ரகம். பல மரபணுக்கள் சேர்ந்து தரும் தாங்குதிறன் அது. மண்ணில் பூஞ்சை குறைவாக இருக்கும்வரை நிற்கும், மிகுந்துவிட்டால் விழும். விவசாயிகளும் பயிர்ப்பெருக்கக்காரர்களும் எதிர்பார்த்தது முழு எதிர்ப்பு.

அது பெருவிலிருந்து வந்த ஒரு காட்டுத் தக்காளியில் கிடைத்தது. சொலானம் பிம்பினெல்லிஃபோலியம் என்னும் இந்த இனத்தின் காய் ஒரு பட்டாணி பருமன்தான், கொத்துக் கொத்தாய்ச் சிவக்கும். பி.ஐ. 79532 என்ற பதிவு எண் கொண்ட சேகரிப்பை மிசூரியில் போன், டக்கர் இருவரும் சோதித்து, எதிர்ப்பு ஒரே ஓர் ஓங்கு மரபணுவால் வருகிறது என்று 1939-ல் அறிவித்தார்கள். பெயர் 'ஐ'. ஓங்கு மரபணு என்பதால் பெற்றோரில் ஒன்றில் இருந்தாலே கலப்பினத்துக்குப் போதும். 1941-ல் அதைத் தாங்கிய 'பான் அமெரிக்கா' ரகம் வெளியானது. பெருக்கக்காரர்கள் மார்குளோப் வழி வந்த மெதுவான தாங்குதிறனை மறந்துவிட்டு இந்த ஒரே மரபணுவின் பின்னால் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது: நோய்மண்ணில் நட்டால் ஒன்று நிற்கிறது, ஒன்று சாகிறது. இவ்வளவு தெளிவாகப் பலன் தெரியும்போது எவரும் அதைத்தான் எடுப்பார்கள்.

நான்கே ஆண்டில், 1945-ல், ஒஹையோவில் 'ஐ' இருந்தும் செடிகளை வாட்டும் பூஞ்சை பதிவானது. எந்த எதிர்ப்பு மரபணுவை மீறுகிறது என்பதை வைத்துப் பிரிக்கும் பூஞ்சை வகைக்கு 'ரேஸ்' என்று பெயர்; இதற்கு ரேஸ் 2 என்று பெயரிட்டார்கள். பழையது ரேஸ் 1 ஆயிற்று. ஆனால் பதினைந்து ஆண்டுக்கு அது பெரிய தொல்லை தரவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஃப்ளோரிடாவில் தலைகாட்டிய பிறகுதான் வேகமாகப் பரவியது. இன்னொரு காட்டுத்தக்காளிக் கலப்பிலிருந்து 'ஐ-2' கண்டெடுக்கப்பட்டு, 1969-ல் ஃப்ளோரிடாவில் 'வால்டர்' ரகம் வந்தது. அதில் 'ஐ', 'ஐ-2' இரண்டும் இருந்தன. 1970-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும், 1982-ல் ஃப்ளோரிடாவிலும், பிறகு கலிஃபோர்னியாவிலும் ரேஸ் 3 பதிவானது. இந்த முறை எதிர்ப்பைத் தேடிப் போன இடம் இன்னும் தூரத்து உறவு: பெருவின் வறண்ட மேற்குப் பகுதியில் வளரும், பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும் சொலானம் பென்னெல்லி. அதிலிருந்து 'ஐ-3', பிற்பாடு 'ஐ-7'.

இவ்வளவும் வயலில் நட்டுப் பார்த்துச் சேர்த்த அறிவு. எந்த மரபணு எதைப் பார்க்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

சைலம் சாற்றில் கிடைத்தவை

அதைத் திறந்தது பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக் குழு. மார்ட்டின் ரெப்பும் உடன் பணியாற்றியவர்களும் நோயுற்ற தக்காளியின் சைலம் சாற்றை எடுத்து, அதில் மிதக்கும் புரதங்களில் எவை பூஞ்சையுடையவை என்று பிரித்தார்கள். கிடைத்த சிறு புரதங்களுக்கு 'சிக்ஸ்' என்று பெயர், வரிசையாக எண். பூஞ்சை இவற்றைச் செடிக்குள் சுரந்து, செடியின் காவலைத் தன் வசதிக்கு மாற்றுகிறது. 2004-ல் அவர்கள் காட்டியது: சிக்ஸ்1 புரதத்தைத்தான் 'ஐ-3' அடையாளம் காண்கிறது. ஆகவே அதற்கு ஏவிஆர்3 என்று மறுபெயர். பிறகு சிக்ஸ்4-ஐ 'ஐ' அடையாளம் காண்பது தெரிந்தது, அது ஏவிஆர்1. சிக்ஸ்3-ஐ 'ஐ-2' அடையாளம் காண்கிறது, அது ஏவிஆர்2.

இந்தச் சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் 'எதிர்ப்பு உண்டு, இல்லை' என்ற தீர்ப்பெல்லாம் இதில்தான் பிறக்கிறது. பத்து நாள் வயது நாற்றைப் பிடுங்கி வேரை மண்போகக் கழுவுகிறார்கள். மில்லிலிட்டருக்குச் சுமார் ஒரு கோடி வித்து கொண்ட கரைசலில் வேரை நனைத்துத் தொட்டியில் நடுகிறார்கள். சுமார் 25 டிகிரியில் மூன்று வாரம் வளர்ந்த பின் தண்டை வித்திலை மட்டத்தில் அறுத்து மேல்பகுதியை எடை போடுகிறார்கள். பிறகு அறுத்த முகத்தைப் பார்த்துக் குழாய்களில் எத்தனை பழுப்பேறியிருக்கின்றன என்று 0 முதல் 4 வரை மதிப்பெண். 0 என்றால் சுத்தம், 4 என்றால் செடி செத்தது அல்லது சாகும் நிலை. எடையும் மதிப்பெண்ணும் ஒத்துப் போனால்தான் ஏற்பார்கள். பூஞ்சையில் ஒரு மரபணுவை நீக்கியோ சேர்த்தோ இதே சோதனையைத் திரும்பச் செய்தால், எந்தப் புரதத்தை எந்த மரபணு பார்க்கிறது என்பது தெரிந்துவிடுகிறது.

2008-ல் இதே குழு வெளியிட்டதுதான் இந்த நிகழ்வின் திருப்பம். ரேஸ் 1-இடம் ஏவிஆர்1, 2, 3 மூன்றும் உண்டு. அப்படியானால் 'ஐ-2' மட்டும் உள்ள செடியோ 'ஐ-3' மட்டும் உள்ள செடியோ ரேஸ் 1-ஐத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. காரணம், ஏவிஆர்1 புரதமே 'ஐ-2', 'ஐ-3' இரண்டின் பலனையும் அமுக்கிவிடுகிறது. அது இருக்கும்வரை மற்ற இரண்டு காவலும் வேலை செய்யாது. 'ஐ' உள்ள செடியிலோ அந்த ஏவிஆர்1-ஏ பூஞ்சையைக் காட்டிக் கொடுக்கிறது.

இப்போது வரலாற்றை மறுபடி ஓட்டிப் பாருங்கள். 'ஐ' மட்டும் உள்ள ரகம் பரவுகிறது. பூஞ்சைக்கு எளிய வழி ஏவிஆர்1-ஐத் தொலைப்பது. 'ஐ' இல்லாத சாதாரணத் தக்காளியை நோய்க்குள்ளாக்க அந்தப் புரதம் தேவையே இல்லை என்பதால் தொலைப்பதில் நட்டமும் இல்லை. அதுதான் ரேஸ் 2: ஏவிஆர்1 இல்லாத பூஞ்சை. ஜப்பானில் ஆராய்ந்த ஒரு ரேஸ் 3 தனிமாதிரியில் தாவும் மரபணு ஒன்று ஏவிஆர்1-க்குள் புகுந்து அதை உடைத்திருந்தது. இப்படித்தான் ஒரு காவல் ஓரிரவில் குருடாகிறது. ஆனால் ஏவிஆர்1 போனதும் அமுக்குவது யார்? எவரும் இல்லை. ஆகவே 'ஐ-2' இப்போது வேலை செய்கிறது. 1969-ல் 'வால்டர்' ஏன் பலித்தது என்பதற்கு விடை இதுதான். இந்தக் காரணம் தெரியாமலேயே பெருக்கக்காரர்கள் 'ஐ'-ஐயும் 'ஐ-2'-ஐயும் சேர்த்து வைத்திருந்தார்கள். 'ஐ'-ஐ எடுத்துவிட்டு 'ஐ-2' மட்டும் போட்டிருந்தால் பழைய ரேஸ் 1-ஏ திரும்ப வந்திருக்கும்.

அடுத்த அடி பூஞ்சைக்கு அவ்வளவு சுலபமல்ல. ஏவிஆர்2-ஐத் தொலைக்க அதால் முடியாது. அது இல்லாவிட்டால் நோயின் வீரியம் குறைகிறது. 2009-ல் ரேஸ் 3 மாதிரிகளை ஆராய்ந்தபோது எல்லாவற்றிலும் ஏவிஆர்2 இருந்தது. ஆனால் ஒவ்வொன்றிலும் அதன் டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. வெவ்வேறு மாதிரியில் மூன்று வெவ்வேறு மாற்றம், மூன்றுக்கும் ஒரே விளைவு: வேலையும் நடக்கிறது, 'ஐ-2'-வின் கண்ணுக்கும் தப்புகிறது. தனித்தனி இடங்களில் தனித்தனியாக நடந்த மாற்றங்கள் என்பது என் ஊகம். ஒரே பூஞ்சை உலகெங்கும் பரவியதாகக் கொண்டால் மூன்று மாற்றம் பொருந்தாது.

'ஐ-3' பார்க்கும் ஏவிஆர்3-உம் முழு வீரியத்துக்குத் தேவையானது. அதனால் 'ஐ', 'ஐ-2', 'ஐ-3' மூன்றையும் ஒரே செடியில் வைத்தால், ஒன்றைத் தொலைத்து, இன்னொன்றைச் சரியான இடத்தில் மாற்றி, மூன்றாவதையும் வீரியம் கெடாமல் மாற்றி, இத்தனையையும் ஒரே சமயத்தில் பூஞ்சை செய்தாக வேண்டும். 2008 ஆய்வின் ஆசிரியர்களே இப்படிச் சேர்க்கை வழியாக நீடித்த கட்டுப்பாடு கிடைக்கலாம் என்று எழுதினார்கள். 1941-ல் இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்த பிறகும் ஒரே மரபணுவை மட்டும் நம்பி ரகம் இறக்குவதற்குத்தான் இன்று காரணம் சொல்ல முடியாது.

காவலைக் கட்டுப்படுத்துவது யார்

இந்த மரபணுக்கள் ஒரே குடும்பம் அல்ல. அதுவே அவற்றைச் சேர்ப்பதன் பலம். 1998-ல் பிரித்தெடுத்த 'ஐ-2' பதினோராம் குரோமோசோமின் நீண்ட கையில் உள்ளது. செல்லுக்குள்ளே இருந்து பார்க்கும் வகை. ஏவிஆர்2 செல்லின் உட்கருவுக்குள் போனால்தான் அதற்குத் தெரிகிறது. அருகிலிருக்கும் சிக்ஸ்5 என்ற இன்னொரு பூஞ்சைப் புரதமும் வேண்டும். அது இல்லாத பூஞ்சையை 'ஐ-2' கவனிப்பதில்லை. அதே குரோமோசோமின் குறுங்கையில் உள்ள 'ஐ' செல்லின் மேற்பரப்பில் நின்று வெளியே பார்க்கும் ஏற்பி. ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் கட்டன்ஸாரிட்டியும் டேவிட் ஜோன்ஸும் 2017-ல் அதைப் பிரித்தெடுத்தார்கள். அதே குழு 2015-ல் பிரித்த 'ஐ-3' ஏழாம் குரோமோசோமில். மேற்பரப்பில்தான், ஆனால் உள்பக்கம் சமிக்ஞை அனுப்பும் கைனேஸ் என்ற நொதிப்பகுதி இணைந்தது. 'ஐ-7' எட்டாம் குரோமோசோமில்.

'ஐ-2' எங்கே விழித்திருக்கிறது என்பதும் பார்க்க வேண்டியது. அதன் தொடக்கப் பகுதியோடு நிறம் தரும் மரபணுவை இணைத்துப் பார்த்தபோது நிறம் வந்தது சைலம் குழாயை ஒட்டிய உயிர்ச்செல்களில். பூஞ்சை தடுத்து நிறுத்தப்படும் இடமும் அதுவே. செடி முழுக்கக் காவல் போடாமல் வாசலில் போட்டிருக்கிறது.

இப்படிப்பட்ட உட்காவல் மரபணுக்கள் தக்காளியில் நூற்றுக்கணக்கில் உண்டு. எல்லாம் எப்போதும் முழு வேகத்தில் ஓடினால் செடி வளராது, காய்க்காது. அவற்றை அடக்கி வைப்பவை மைக்ரோ ஆர்என்ஏக்கள்: இருபத்திரண்டு எழுத்து நீளமுள்ள சிறு துண்டுகள். இலக்கு மரபணுவின் செய்தியோடு ஒட்டி அதைச் சிதைத்துவிடும். தக்காளியில் மிஆர்482 என்ற குடும்பம் இந்த வேலையைச் செய்கிறது என்று 2012-ல் கேம்பிரிட்ஜ் குழு காட்டியது. அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சிவப்பிரசாத் பின்னர் பெங்களூரில் ஆய்வகம் தொடங்கினார்.

ஃபுசேரியத்தில் இதன் பங்கு 2014-ல் வெளிவந்தது. 'மனிமேக்கர்' நோய்க்கு ஆளாகும் ரகம்; 'மோடெல்' 'ஐ-2' கொண்ட எதிர்ப்பு ரகம். இரண்டிலும் பூஞ்சையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 'மோடெல்'லில் மிஆர்482எஃப், மிஆர்5300 என்ற இரண்டு சிறு ஆர்என்ஏக்கள் குறைந்தன. அவை அடக்கி வைத்திருந்த நான்கு காவல் மரபணுக்கள் ஏறின. 'மனிமேக்கர்'ரில் அப்படி நடக்கவில்லை. பிறகு 'மோடெல்'லில் அந்த இலக்கு மரபணுக்களை வைரஸ் வழியாக அணைத்தபோது எதிர்ப்பு ரகமே நோய்க்கு இளகியது. 'ஐ-2' இருந்தும் இது நடந்தது என்பதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். பெயர் வாங்கிய ஒரு மரபணு அடையாளம் கண்டால் மட்டும் போதாது. அதற்குப் பின்னால் துணைக்கு எழும் மரபணுக்களும், அவற்றைக் கட்டியவிழ்க்கும் சிறு ஆர்என்ஏக்களும் சேர்ந்தே எதிர்ப்பு. ஒரே 'ஐ-2'-ஐ வேறு வேறு ரகத்தில் ஏற்றும்போது பலன் ஒரே அளவாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்று இதை வைத்துச் சொல்லத் தோன்றுகிறது.

பூஞ்சையும் சும்மா இல்லை. அதன் சிக்ஸ் மரபணுக்கள் மண்ணில் தூங்கும். உயிருள்ள தக்காளிச் செல் அருகில் வந்தால்தான் சிக்ஸ்1 எழும். அவற்றில் பலவும் குடியிருப்பது பதினான்காம் குரோமோசோமில், தக்காளிப் பூஞ்சைக்கென்றே தனியான கூடுதல் குரோமோசோம் அது. 2010-ல் ஒரு பன்னாட்டுக் குழு தக்காளிப் பூஞ்சையையும், எஃப்ஓ47 என்ற கேடற்ற ஃபுசேரியத்தையும் ஒரே தட்டில் வளர்த்தது. சிலவற்றில் பதினான்காம் குரோமோசோம் இடம் மாறியிருந்தது. வாங்கிக்கொண்ட எஃப்ஓ47 தக்காளியை நோயாக்கியது. இதே எஃப்ஓ47 நோய்க் கட்டுப்பாட்டுக்கு உயிரியல் மருந்தாகப் பயன்பட்ட பூஞ்சை. ரஸ்தாளி வாழையை அழிக்கும் ஃபுசேரியம் தக்காளியைத் தொடாததும், தக்காளிப் பூஞ்சை வாழையைத் தொடாததும் இந்தக் கூடுதல் பகுதிகளின் வேறுபாட்டால்தான். மண்ணில் கிடக்கும் எல்லா ஃபுசேரியமும் பகை அல்ல என்பதற்கும் எந்த நட்பும் நிரந்தரமல்ல என்பதற்கும் ஒரே சோதனை சாட்சி.

'ஐ-3' ஏன் தயங்கி வந்தது

மூன்றையும் சேர்ப்பது நல்லது என்றால் எல்லாரும் ஏன் உடனே சேர்க்கவில்லை? காட்டு உறவிலிருந்து ஒரு மரபணுவை எடுத்தால் பக்கத்துக் குரோமோசோம் துண்டும் கூடவே வரும். 'ஐ-3'-ஐச் சுற்றி வந்த பென்னெல்லித் துண்டு காயைச் சிறிதாக்கியது. பாக்டீரியப் புள்ளி நோய்க்குச் செடியை மேலும் ஆளாக்கியது. ஈரக் காலத்தில் புள்ளி நோயே பெருங்கவலையாக இருக்கும் ஃப்ளோரிடாவில் இது சாதாரண விலையல்ல. அங்குள்ள பெருக்கக்காரர்கள் ஆயிரக்கணக்கான நாற்றுகளைக் குறியீட்டு மரபணுக்களால் சலித்து, துண்டைக் குறுக்கிய வரிசைகளை உருவாக்கினார்கள். 2018-ல் புள்ளி நோய்க்கான பாதிப்பு அந்த இணைந்த துண்டின் வேலை என்று வெளியிட்டார்கள். 'ஐ-3' மீது பழி இல்லை. சந்தைக்கு எடுத்துப் போகும் வேலை இப்படித்தான் இழுக்கும். கட்டுரையில் மூன்று வரி, வயலில் பத்தாண்டு.

நம் பக்கத்தில்

தக்காளி ஃபுசேரியம் தக்காளியை மட்டுமே நோயாக்குகிறது என்பதால் இன்னொரு வழி எப்போதும் உண்டு: தக்காளியைக் கத்தரி வேரின் மேல் ஒட்டுக்கட்டுவது. தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் இ.ஜி. 195, இ.ஜி. 203 கத்தரிகளை வேர்ச்செடியாகப் பரிந்துரைக்கிறது. பாக்டீரியா வாடல், நூற்புழு, வெள்ளம் ஆகியவற்றைத் தாங்குவது கூடுதல் லாபம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் கத்தரிக்குச் சுண்டைக்காய் வேர்ச்செடியைப் பரிந்துரைப்பதும் இதே தர்க்கம்தான். ஒட்டு நாற்றுக்கு விலை கூட. ஒட்டு இடம் மண்ணுக்குள் போகும்படி நட்டால் மேல்செடி தானே வேர்விட்டு ஒட்டியதன் பலன் போய்விடும். சில மணித்துளியில் சொல்லிக் கொடுக்கக்கூடிய விஷயம் இது, இருந்தும் நடவின்போது அடிக்கடி தவறும்.

விதை வாங்குபவருக்கு ஒரு கண்ணி உண்டு. ரேஸ்களுக்கு இரண்டு எண்ணிடுதல். அமெரிக்கக் கணக்கு 1, 2, 3 என்று தொடங்கும். பன்னாட்டு விதைக் குறியீடு அதே மூன்றை 0, 1, 2 என்று எழுதும். உறையில் எஃப்ஓஎல் (இந்தப் பூஞ்சைப் பெயரின் சுருக்கம்) 0, 1 என்று இருந்தால் அமெரிக்கக் கணக்கில் ரேஸ் 1, 2-க்கு எதிர்ப்பு. பொதுவாக 'ஐ', 'ஐ-2' இரண்டும் உள்ள விதை. எஃப்ஓஎல் 0, 1, 2 என்றால் மூன்று ரேஸுக்கும். வெறும் 1, 2 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் எந்தக் கணக்கு என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஒன்றில் ரேஸ் 3 அடங்கும், மற்றதில் அடங்காது. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் விதைக் கம்பெனிக்கு ஒரே கேள்வி எழுதினால் போதும்: இதில் 'ஐ-3' இருக்கிறதா?